லானி ஸ்மித் நின்றதால்தான் மாரிஸ் ஜெயித்தாரா? 1991 ஏழாவது ஆட்டம்

மெட்ரோடோம் மணி:
பக்கத்து இழையில் பீச்ட்ரீ பாண்டி எழுதியதைப் படித்துவிட்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. அவர் எழுதியது இது: "1991 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தை ஜாக் மாரிஸ் ஜெயிக்கவில்லை. லானி ஸ்மித் இரண்டாம் பேஸில் ஏமாந்து நின்றார், அதனால் மின்னசோட்டாவுக்குக் கிடைத்த தானம் அது."

தானமாம்! பேஸ்பால் பார்க்க ஆரம்பித்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இப்படி ஒரு வார்த்தையை அந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலகத் தொடர் என்பது அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர், முதலில் நாலு ஆட்டம் ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை. 1991 அக்டோபர் 27, மினியாபொலிஸ் மெட்ரோடோம், 55,118 பேர். மின்னசோட்டா ட்வின்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸ். மாரிஸ் ட்வின்ஸின் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர். ஸ்மித் பிரேவ்ஸ் ஆள். முந்தைய வருடம் இரண்டு அணிகளும் தத்தம் பிரிவில் கடைசி இடம். தொடர் 3-3. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் 0-0. பத்தாவதில் ட்வின்ஸ் ஒரு ரன் எடுத்து 1-0 என்று ஜெயித்தது. அந்தப் பத்து இன்னிங்ஸையும் மாரிஸ் ஒருவரே வீசினார். 126 பந்து, 7 ஹிட், 8 ஸ்ட்ரைக் அவுட், ரன் இல்லை. வயது 36. அந்தத் தொடரில் அது அவருக்கு மூன்றாவது ஆட்டம், நடுவில் மூன்றே நாள் ஓய்வு.

எட்டாவது இன்னிங்ஸில் நடந்ததுதான் பாண்டியின் புகார். முதல் பேஸில் ஸ்மித். அடுத்து வந்த பெண்டில்டன் இடது-நடுப் பக்கம் சுவர்வரை போகும் டபுள் (அடித்தவர் இரண்டாம் பேஸ்வரை போகிற அடி) அடித்தார். ஸ்மித் வீட்டுத் தட்டுக்கே ஓடி வந்திருக்கலாம், மூன்று பேஸையும் சுற்றி அங்கே வந்தால்தான் ரன். இரண்டாம் பேஸைத் தாண்டியதும் தயங்கி நின்றார், மூன்றாம் பேஸ்வரைதான் போனார். ட்வின்ஸின் இரண்டாம் பேஸ்காரர் நாப்லாக்கும், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் கேக்னியும் பந்து தரையில் வந்ததைப் போலவும், அதை எடுத்து எறிவதைப் போலவும் நடித்தார்கள். அந்த நடிப்பில் ஸ்மித் ஏமாந்தார் என்பது ஊர்க்கதை.

ஏமாறவில்லை. ஏமாந்திருந்தால், எறியும் பந்து முந்திவிடாமல் இரண்டாம் பேஸில் சறுக்கியிருப்பார். சறுக்கவில்லை. ஸ்மித்தே பிற்பாடு இதைத்தான் சொன்னார்: பந்தைக் கண்ணால் தொலைத்துவிட்டேன், நடிப்பில் விழவில்லை என்று.

பீச்ட்ரீ பாண்டி:
மணி சார், வணக்கம். என் பெயரைப் போட்டே தனி இழை திறந்துவிட்டீர்கள், சந்தோஷம். சென்ற மாதம் பழைய பிட்சர் கூஃபாக்ஸைப் பற்றிய இழையில் நான் சொன்ன ஒரு விஷயத்துக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, அது நினைவிருக்கட்டும்.

அன்று நான் அட்லாண்டாவில் மாணவன். விடுதி பொது அறையில் நாற்பது பேர் ஒரே டிவியின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். பெண்டில்டன் அடித்ததும் மொத்த அறையும் எழுந்தது. ஸ்மித் நின்றதும் மொத்த அறையும் உட்கார்ந்தது. நாற்பது பேருக்கும் பந்து எங்கே போகிறதென்று தெரிந்தது. மைதானத்தில் ஓடுகிறவருக்கு மட்டும் தெரியவில்லையா?

அவர் நின்றார். ஏமாந்து நின்றாரா, தொலைத்து நின்றாரா என்று உங்கள் ஊரில் பட்டிமன்றம் வைத்துக்கொள்ளுங்கள். நின்றார். ஓடியிருந்தால் 1-0. மாரிஸுக்குப் பத்தாவது இன்னிங்ஸே வந்திருக்காது.

ஸ்கோர்ஷீட்:
இரண்டு பேரும் பாதி ஆட்டத்தைத்தான் பேசுகிறீர்கள். ஸ்மித் மூன்றாம் பேஸில், பெண்டில்டன் இரண்டாம் பேஸில், ஒரு அவுட்டும் இல்லை. சாதாரணமாக அந்த நிலையில் ஒரு ரன்னாவது வரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். என்ன நடந்தது? கேன்ட் அடித்தது முதல் பேஸ் பக்கம் சாதுவான உருட்டல், அவர் அவுட், பேஸில் இருந்த யாரும் நகர முடியவில்லை. ஜஸ்டிஸை வேண்டுமென்றே நடக்க விட்டு (எட்டாத பந்துகளாக வீசி முதல் பேஸைச் சும்மா கொடுத்து) பேஸ்களை நிரப்பினார்கள். ப்ரீம் அடித்தது நேராக முதல் பேஸ்காரர் ஹெர்பெக் கைக்கு. அவர் கேட்சர் ஹார்ப்பருக்கு எறிந்தார், ஹார்ப்பர் திருப்பி எறிந்தார், டபுள் பிளே, ஒரே பந்தில் இரண்டு அவுட். மொத்தம் மூன்று. இன்னிங்ஸ் முடிந்தது.

ஐந்தாவதிலும் இதே கதை. மூன்றாம் பேஸில் லெம்கி, ஒரே அவுட். பெண்டில்டன் மேலே தூக்கி அடித்து அவுட், கேன்ட் ஸ்ட்ரைக் அவுட். பிட்சர் செய்த வேலையைப் பாருங்கள்.

ஆனால் மணி, ஸ்மித் ஏமாந்தார் என்பதுதான் என் கருத்தும். அதைத் தானம் என்று சொல்லாமல் நாப்லாக்கின் புத்திசாலித்தனம் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? அந்த வருடம்தான் அவருடைய முதல் வருடம். முதல் வருடப் பையன் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அப்படி நடிக்கிறான் என்றால் அது ட்வின்ஸுக்குத்தானே பெருமை.

மெட்ரோடோம் மணி:
எங்களுக்குப் பெருமை கிடைக்கிறது என்பதற்காக நடக்காததை நடந்ததாகச் சொல்ல முடியாது. சறுக்கவில்லை ஐயா. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஸ்மித் பந்து வீசப்பட்ட கணத்திலேயே ஓட ஆரம்பித்துவிட்டார். அப்படி ஓடுகிறவர் நடுவில் திரும்பி, அடிக்கிறவரைப் பார்க்க வேண்டும். அவர் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பிடிபடவில்லை. தப்பு அங்கேதான். அதன் பிறகு ட்வின்ஸின் வெளிக்கள ஆட்கள் கிளாடனும் பக்கெட்டும் சுவரை நோக்கி ஓடுவது தெரிகிறது, பந்து தெரியவில்லை. பிடித்துவிட்டால் திரும்பி முதல் பேஸுக்கு ஓட வேண்டும். அதனால் நின்றார். உருட்டலை எடுத்து எறிகிறார்கள் என்று நம்பியவன் தலைகுப்புற இரண்டாம் பேஸில் பாய்வான். இவர் பேஸைத் தாண்டிப் போய்த்தான் நின்றார். நடிப்பை நம்பியவன் தாண்டிப் போவானா?

வலதுகைக்காரி:
ஒரு கேள்வி. "பிட்சிங் ஆட்டம்" என்று எல்லோரும் சொல்கிறீர்கள், அதற்கு அளவு என்ன? இரண்டு பிட்சர்களும் கடைசிவரை நிற்க வேண்டுமா? பிரேவ்ஸின் பிட்சர் ஸ்மோல்ட்ஸ் 7⅓ இன்னிங்ஸில் ரன் கொடுக்காமல் போய்விட்டார். ரன் வந்தது அவருக்குப் பிறகு வந்த பென்யா பந்தில். அப்படியென்றால் இது மாரிஸுக்கும் ஸ்மோல்ட்ஸுக்கும் நடந்த போட்டியா, மாரிஸுக்கும் ஒரு கூட்டத்துக்கும் நடந்த போட்டியா? முதலில் இதை முடிவு செய்தால் மற்றது தானாகத் தெளியும்.

பீச்ட்ரீ பாண்டி:
தாண்டிப் போய் நின்றார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் மணி சார். நின்றார்! அவ்வளவுதான் என் வாதம். மூன்றாம் பேஸ் பயிற்சியாளர் ஜிமி வில்லியம்ஸ் எதற்காக அங்கே நிற்கிறார்? பந்து தெரியாவிட்டால் அவரைப் பார்க்க வேண்டியதுதானே. பள்ளிக்கூடப் பையனுக்குச் சொல்லித்தரும் பாடம்.

சேப்பாக்கம் கேட் 7:
நான் கிரிக்கெட் ஆள், பேஸ்பால் கொஞ்சம்தான் தெரியும். இந்த நடிப்பு சட்டப்படி சரியா? கிரிக்கெட்டில் 2017இலிருந்து இது குற்றம். பந்து கையில் இருப்பதைப் போல நடித்து பேட்ஸ்மேனை ஏமாற்றினால் 5 ரன் தண்டனை. 2021இல் ஜோகன்னஸ்பர்கில் ஃபகார் ஸமான் 193இல் ரன் அவுட் ஆனது நினைவிருக்கிறதா? கீப்பர் டி காக் எதிர்முனையைக் கைகாட்டினார், ஃபகார் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார், மார்க்ரம் எறிந்த பந்து ஸ்டம்பில் பட்டது. அன்று முழுக்க ஏமாற்று, ஏமாற்று என்று கத்தினோம். கடைசியில் ஃபகாரே, தப்பு என்மேல்தான், நான் மறுமுனையில் ஓடிவந்த ஹாரிஸ் ரவுஃபைக் கவனித்துக்கொண்டிருந்தேன் என்றார்.

மெட்ரோடோம் மணி:
கேட் 7 தம்பி, நீங்கள் என் பக்கத்துக்கே சாட்சி கொண்டுவந்திருக்கிறீர்கள். ஓடியவரே சொல்கிறார், நான் ஏமாறவில்லை என்று. ஸ்மித்தும் அதைத்தான் சொன்னார். ஓடியவர் சொல்வதை நம்பாமல், டிவி முன்னால் உட்கார்ந்த நாற்பது பேர் சொல்வதை நம்ப வேண்டுமா?

பேஸ்பாலில் இந்த நடிப்புக்குத் தடை இல்லை. பேஸில் ஓடுகிறவரின் உடம்பைத் தடுத்தால்தான் குற்றம்.

சேப்பாக்கம் கேட் 7:
உங்கள் பக்கத்துக்கு நான் சாட்சி சொல்ல வரவில்லை சார். டி காக் செய்தது தப்பு என்பதுதான் என் கருத்து. ஃபகார் பெருந்தன்மையாகப் பேசினார். பெருந்தன்மையாகப் பேசினால் நடந்தது நடக்காமல் போய்விடுமா? ஸ்மித் விஷயத்திலும் அப்படித்தான், எவன் ஒப்புக்கொள்வான், ஆமாம் நான் ஏமாந்தேன் என்று?

ஸ்கோர்ஷீட்:
கேட் 7 சரியாகச் சொன்னார். ஓடியவரின் வாக்குமூலம் வாக்குமூலம்தான், சாட்சியம் ஆகாது. அப்புறம், சறுக்கவில்லை என்பதை மணி ஏழு இழைகளில் சொல்லிவிட்டார். முழுதாக ஏமாந்தால்தான் சறுக்குவான். அரை நொடி ஏமாந்தால் வேகம் குறையும். அந்த அரை நொடிதான் விஷயம்.

மெட்ரோடோம் மணி:
ஏழு இழைகளில் சொன்னேன், எட்டாவதிலும் சொல்வேன். அரை நொடிக் கணக்கை எங்கே அளந்தீர்கள்? ஒளிப்பதிவைப் போட்டுப் பாருங்கள். நாப்லாக் குனிந்து நடித்தது முன்னால். ஸ்மித் நின்றது பேஸைத் தாண்டிய பிறகு. நடிப்பு முடிந்த பிறகு நின்றவனை நடிப்பு நிறுத்தியது என்கிறீர்கள்.

கேண்டில்ஸ்டிக்:
சண்டை நடக்கும் இடத்தில் கிழவன் நுழைகிறேன், மன்னிக்கவும். ஏழாவது ஆட்டம், 1-0 என்றால் எங்கள் வீட்டில் 1962தான். சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ், நியூயார்க் யாங்கீஸ், அக்டோபர் 16, கேண்டில்ஸ்டிக் பார்க். ஐந்தாவது இன்னிங்ஸில் குபெக் டபுள் பிளேயில் அவுட் ஆகும்போது வந்த ஒரே ரன். யாங்கீஸின் ரால்ஃப் டெர்ரி ஒன்பது இன்னிங்ஸும் வீசினார். ஒன்பதாவதில் இரண்டு அவுட், முதல் பேஸில் எங்கள் மேட்டி ஆலு. வில்லி மேஸ் டபுள் அடித்தார். ஆலுவை மூன்றாம் பேஸில் நிறுத்திவிட்டார்கள். அடுத்து மெக்கோவி நெருப்பு மாதிரி அடித்தார், நேராக ரிச்சர்ட்ஸன் கையில். முடிந்தது.

அறுபது வருடமாக எங்கள் வீட்டில் அதே சண்டை, ஆலுவை ஓடவிட்டிருக்கலாமா என்று. ஒன்று மட்டும் சொல்கிறேன். டெர்ரி ஜெயிக்கவில்லை, ஆலு நின்றதால் கிடைத்தது என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. தோற்றவர்கள் நாங்கள், நாங்களே சொன்னதில்லை.

பீச்ட்ரீ பாண்டி:
ஐயா, உங்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் ஆலுவைப் பயிற்சியாளர் நிறுத்தினார், அது முடிவு. ஸ்மித்தை யாரும் நிறுத்தவில்லை, தானாக நின்றார். இரண்டும் ஒன்றல்ல.

அப்புறம் அந்தத் தொடரில் ட்வின்ஸுக்குக் கிடைத்த தானம் இது ஒன்று மட்டுமா? இரண்டாவது ஆட்டம். கேன்ட் முதல் பேஸுக்குத் திரும்பி வந்து நிற்கிறார். ஹெர்பெக் அவர் காலைப் பிடித்துத் தூக்கி பேஸிலிருந்து கீழே இறக்குகிறார். நடுவர் ட்ரூ கோபிள் அவுட் என்கிறார்! ட்வின்ஸ் அதை 3-2 என்று ஜெயித்தது. ஒரு ரன் வித்தியாசம். 2011இல் அந்தக் காலைத் தூக்கும் காட்சியைத் தலையாட்டி பொம்மையாகச் செய்து ரசிகர்களுக்குக் கொடுத்தார்கள். திருடிய பொருளைக் கொலுவில் வைக்கிற ஆட்களிடம் நான் நியாயம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

மெட்ரோடோம் மணி:
கேன்ட் ஓடி வந்த வேகத்தில் அவர் உடம்பே பேஸைத் தாண்டிச் சாய்ந்தது. நடுவரும் அப்படித்தான் பார்த்தார். அந்தப் பொம்மை என் மேசைமேல் இருக்கிறது, இருக்கும்.

ஏழாவது ஆட்டத்தைப் பற்றி இழை திறந்தால் இரண்டாவது ஆட்டத்துக்கு ஓடுகிறீர்கள். சறுக்கல் கேள்விக்குப் பதில் இல்லை என்பதுதான் காரணம்.

பீச்ட்ரீ பாண்டி:
சரி, ஏழாவது ஆட்டத்துக்கே வருகிறேன். அந்த டோமின் காற்றாடிகள்? நெருக்கமான ஆட்டங்களில் ட்வின்ஸ் அடிக்கும்போது, பந்து தூரம் போகட்டும் என்று கேட்சருக்குப் பின்னால் இருந்த காற்றாடிகளைக் கூட்டி வைத்தேன் என்று டோமின் பழைய மேற்பார்வையாளரே 2003இல் ஒப்புக்கொண்டார். இது உங்களுக்குத் தெரியாதா?

மெட்ரோடோம் மணி:
லார்க்கின் அடித்தது காற்றில் போன பந்தா? பத்தாவது இன்னிங்ஸ், கிளாடன் பேட் உடைந்து விழுந்த மெத்தென்ற அடிக்கே இரண்டாம் பேஸுக்கு ஓடினார். முதல் பேஸில் நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நாப்லாக் பன்ட் செய்து (பேட்டால் பந்தை மெல்லத் தட்டி வைத்து) அவரை மூன்றாம் பேஸுக்கு நகர்த்தினார். பக்கெட்டையும் ஹெர்பெக்கையும் வேண்டுமென்றே நடக்க விட்டார்கள். பேஸ்கள் நிறைந்தன, ஒரு அவுட். ரன்னைத் தடுக்க வெளிக்கள ஆட்கள் உள்ளே வந்து நின்றார்கள். லார்க்கின் அவர்கள் தலைக்கு மேலே ஒரு தட்டு தட்டினார். காற்றே இல்லாத நாளிலும் அந்தப் பந்து அங்கேதான் விழும். எந்தக் காற்றாடி?

கிளாடன் இரண்டு காலையும் சேர்த்து வீட்டுத் தட்டில் குதித்தார். முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டவர் மாரிஸ். இப்போதும் அதைப் பார்த்தால் எனக்குக் கண் கலங்கும். ஒன்பது முடிந்ததும் போதும் என்று ட்வின்ஸ் மேலாளர் டாம் கெல்லி நிறுத்தப் பார்த்தார். மாரிஸ் போகமாட்டேன் என்றார். செயின்ட் பால் பையன், சொந்த ஊர்க் கூட்டம், போவாரா?

வலதுகைக்காரி:
என் கேள்வி அப்படியே கிடக்கிறது. ஸ்மோல்ட்ஸ் கணக்கில் வருவாரா மாட்டாரா?

ஸ்கோர்ஷீட்:
ஸ்மோல்ட்ஸ் மிச்சிகனில் வளர்ந்தவர். மாரிஸ் டெட்ராய்ட் டைகர்ஸின் தூணாக இருந்த காலத்தில் அந்த அணியின் ரசிகர். அதே டைகர்ஸ் 1987இல் டாய்ல் அலெக்ஸாண்டருக்காக அவரை அட்லாண்டாவுக்குக் கொடுத்துவிட்டது. நாலு வருடம் கழித்து, சிறுவயதில் பார்த்து வளர்ந்த மாரிஸுக்கு எதிரில் நின்று 24 வயதில் ரன் கொடுக்காமல் வீசினார். எனக்கு அந்த ஆட்டத்தில் பிடித்தது இதுதான்.

ஆனால் மாரிஸை ஒரே ஆட்டத்துக்காகத் தூக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 254 வெற்றி, சரி. ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன், 3.90. 2018இல் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது அங்கே இருந்த பிட்சர்களிலேயே அதிகமான ஈஆர்ஏ அதுதான். பத்திரிகையாளர்கள் பதினைந்து வருடம் வாக்களித்தும் சேர்க்கவில்லை, குழு போட்டுத்தான் சேர்த்தார்கள்.

மெட்ரோடோம் மணி:
3.90, 3.90! எங்கே போனாலும் இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்துவிடுகிறார். அன்று இரவு அவருடைய ஈஆர்ஏ என்ன? சைபர். பத்து இன்னிங்ஸ், சைபர். உங்கள் ஷீட்டில் அதை எழுத இடம் இல்லையா?

பீச்ட்ரீ பாண்டி:
அடுத்த வருடம் என்ன ஆனது என்பதை எழுத அவர் ஷீட்டில் நிறைய இடம் இருக்கும். 1992 உலகத் தொடர், ஐந்தாவது ஆட்டம், டொராண்டோ. மாரிஸ் இப்போது ப்ளூ ஜேஸ் ஆள். பேஸ்கள் நிறைந்திருக்கின்றன. அடிக்க வருவது யார்? லானி ஸ்மித். கிராண்ட் ஸ்லாம், ஒரே அடியில் நாலு ரன்! நாங்கள் 7-2 என்று ஜெயித்தோம். அந்தத் தொடரில் மாரிஸ் வீசிய இரண்டு ஆட்டமும் தோல்வி. முட்டாள் ஓட்டக்காரர் என்று நீங்கள் சொல்கிற ஆள்தான் அவரைக் கவிழ்த்தார்.

மெட்ரோடோம் மணி:
முட்டாள் என்று நான் எங்கே சொன்னேன்? ஏமாந்தார், ஏமாந்தார் என்று அவரை முப்பது வருடமாக முட்டாளாக்குவது நீங்கள். பிலடெல்பியா, செயின்ட் லூயிஸ், கேன்சஸ் சிட்டி என்று மூன்று அணிகளோடு உலகத் தொடர் ஜெயித்த மனிதர் அவர். அந்த ஏழாவது ஆட்டம் தொடங்கும் முன், முதல் பந்துக்கு வந்து நின்று, எதிரணிக் கேட்சர் ஹார்ப்பருக்குக் கைகொடுத்தார். அப்படிப்பட்டவர் "நான் ஏமாறவில்லை" என்றால் நம்புங்கள் என்கிறேன். அவருக்காக வாதாடுவது ட்வின்ஸ் ரசிகன் நான். அவருடைய சொந்த அணி ரசிகர் நீங்கள் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். ப்ரீம் அடித்த உருட்டலுக்கு யாராவது ப்ரீமைத் திட்டுகிறீர்களா? கேன்டை? அவர்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பந்துகளை வீசியது மாரிஸ் என்பதை ஒப்புக்கொள்ள மனம் வராததால் ஸ்மித் தலையில் போடுகிறீர்கள்.

பீச்ட்ரீ பாண்டி:
எங்கள் வீட்டு ஆளை நாங்கள் திட்டுவோம், கொஞ்சுவோம். பக்கத்து வீட்டுக்காரர் பஞ்சாயத்து வேண்டாம். அவர் நின்றார். நின்ற இடத்திலிருந்து பேச்சை மாற்றாதீர்கள்.

சேப்பாக்கம் கேட் 7:
ஒளிப்பதிவு பார்த்துவிட்டு வந்தேன். நாப்லாக் நடிக்கும்போது ஸ்மித் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். எனக்கு அது ஏமாந்ததாகத்தான் தெரிகிறது. 5 ரன் கொடுத்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும்.

மெட்ரோடோம் மணி:
தம்பி, பேஸ்பாலில் 5 ரன் தண்டனை கிடையாது என்று மேலேயே சொல்லிவிட்டேன். தலையைத் திருப்பியது பந்தைத் தேடி. நாப்லாக்கைப் பார்க்க அல்ல.

கேண்டில்ஸ்டிக்:
ஆலு விஷயத்தில் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அன்று தரை ஈரம். மேஸ் அடித்த பந்து ஈரப் புல்லில் வேகம் குறைந்தது, இல்லாவிட்டால் சுவர்வரை போயிருக்கும்.

பீச்ட்ரீ பாண்டி:
பார்த்தீர்களா, ஈரப் புல்லுக்குக்கூட ஒரு காரணம் இருக்கிறது. மெட்ரோடோமில் கூரை, செயற்கைப் புல். அங்கே நிற்க ஸ்மித்துக்கு என்ன காரணம்?

மெட்ரோடோம் மணி:
வெள்ளைக் கூரை! அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கூரைக்கு எதிரில் பந்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறிய ஆட்டக்காரர்கள் எத்தனை பேர்? நன்றி பாண்டி, என் வாதத்துக்கு நீங்களே தூண் நட்டுவிட்டீர்கள். நாளை மாலை வேலை முடிந்து வந்து அந்த ஓட்டத்தை ஒவ்வொரு காலடியாக எழுதுகிறேன். அதற்குள் ஒரே ஒரு பதில் போடுங்கள்: ஏமாந்தவர் ஏன் சறுக்கவில்லை?

பீச்ட்ரீ பாண்டி:
ஏமாறாதவர் ஏன் நின்றார்? கூஃபாக்ஸ் இழைக்கும் பதில் பாக்கி.